ஊசி நூல் கேள்வி பதில்: கத்தரியைக் கடைசியில் எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஆசை ஆசையாகப் போட்ட எம்ப்ராய்டரி பீரோவில் மடிந்து கிடக்கிறது, அதைக் குட்டித் தலையணையாகத் தைக்க வேண்டும், ஆனால் கை வைக்கப் பயமாக இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: 14 கவுண்ட் ஐடா துணியில் கிராஸ் ஸ்டிச்சில் ஒரு பூங்கொத்து போட்டு முடித்துவிட்டேன். தலையணையாக்க எந்த அளவுக்கு வெட்ட வேண்டும்? என்னிடம் தையல் மெஷின் கிடையாது. தப்பாக வெட்டிவிட்டால் இத்தனை மாத உழைப்பும் போய்விடுமே, அக்கா?

முதலில் வெட்டவே வேண்டாம். தைத்து முடித்த பிறகு வெட்டினால் போதும். பயம் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

டேப்பையும் தள்ளி வையுங்கள். ஐடா துணியில் கட்டம் கட்டமாக அளவு ஏற்கெனவே இருக்கிறது. 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். உங்கள் பூங்கொத்து அகலத்தில் 84 கட்டம், உயரத்தில் 70 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படம் 6 அங்குலத்துக்கு 5 அங்குலம். படத்தைச் சுற்றி அரை அங்குலம் வெற்றுத் துணி தெரிந்தால்தான் பூவுக்கு மூச்சுவிட இடமிருக்கும். அரை அங்குலம் என்பது 7 கட்டம். படம் முடியும் இடத்திலிருந்து நான்கு பக்கமும் 7 கட்டம் எண்ணி, அங்கே துணியின் நிறத்தை ஒட்டிய நூலால் ஒரு பின்தையல் (பேக் ஸ்டிச், ஒவ்வொரு தையலும் பின்னால் திரும்பி முந்தைய தையலைத் தொட்டுக்கொண்டு வருவது) கோடு போடுங்கள். கோடு கட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகட்டும். நான்கு மூலையும் தானாக நேராக வந்து சேரும். இந்தக் கோடுதான் தலையணையின் ஓரம். இதற்கு வெளியே இன்னும் அரை அங்குலம் தையலுக்கு. ஆக, கடைசியில் துணி 8 அங்குலத்துக்கு 7 அங்குலம் இருக்கும்.

கோடு போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை எம்ப்ராய்டரியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஐடா துணி வெட்டிய இடத்தில் கடகடவென்று நூல் பிரியும். கேன்வாஸ் இருந்தால் பிரியாது, பின்னால் தொங்கும் நூல் வால்களும் முன்பக்கம் நிழல் காட்டாது. ஒட்டுவதற்கு முன் கருநிற வால்களை மட்டும் ஒட்ட நறுக்கிவிடுங்கள். இஸ்திரி போடும்போது தடித்த டவல் மேல் எம்ப்ராய்டரியைக் குப்புறப் போட்டுத்தான் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் தையல் எல்லாம் சப்பையாகிவிடும்.

இப்போது பின்பக்கத் துணியும் எம்ப்ராய்டரியும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர்கிற மாதிரி வைத்துக் குண்டூசி குத்துங்கள். எம்ப்ராய்டரித் துணி மேலே இருக்கட்டும். நீங்கள் போட்ட கோடு அதன் பின்பக்கத்திலும் தெரியும். அதே கோட்டின் மேல், அரிசி மணியைவிடச் சின்னச் சின்னப் பின்தையலாகக் கையாலேயே தைத்துக்கொண்டு வாருங்கள். கையால் போட்ட பின்தையல் நெருக்கமாக இருந்தால் எந்த மெஷின் தையலுக்கும் குறைந்ததில்லை. கீழ்ப்பக்கத்தின் நடுவில் 3 அங்குலம் திறந்து விடுங்கள். திறப்பு மூலைக்குப் பக்கத்தில் வேண்டாம். திறப்பின் இரண்டு முனையிலும் தையலை இரண்டு முறை இறுக்கிக் கட்டுங்கள், திருப்பும்போது அங்கேதான் இழுபடும்.

அப்புறம் கத்தரியை எடுங்கள். தையல் ஏற்கெனவே பத்திரமாக உள்ளே இருக்கிறது. கை கொஞ்சம் கோணினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கேள்வி: நான் தைக்கும் தலையணைகளில் நான்கு மூலையும் காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் பஞ்சு கட்டி கட்டியாகத் தெரிகிறது. என்ன செய்வது?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. மூலையை முதலில் பார்ப்போம்.

தட்டையான சதுரத்துக்குள் பஞ்சு போனதும் நடு உப்பும். நடு உப்பினால் பக்கங்கள் உள்ளே இழுபடும். மூலை மட்டும் நகராமல் அங்கேயே நிற்கும், அதனால்தான் காது. பெரிய குஷனாக இருந்தால், மூலைக்கு 2 அங்குலம் முன்பிருந்தே தையலை மெல்ல உள்பக்கமாகச் சாய்த்து, மூலையில் கால் அங்குலம் உள்ளே வருகிற மாதிரி வளைத்துத் தையுங்கள். தைக்கும்போது மூலை மழுங்கலாகத் தெரியும். பஞ்சு நிறைந்த பிறகு அதுவே சரியான சதுரமாக வந்து நிற்கும். உள்ளங்கை அளவுத் தலையணைக்கு இவ்வளவு தேவையில்லை. மூலையில் நேராகத் திரும்பாமல், குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திரும்புங்கள், போதும்.

தைத்த பிறகு மூலைத் துணியைச் சாய்வாக வெட்டுங்கள். தையலுக்கும் வெட்டுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். திருப்புவதற்கு முன் அந்த மூலையின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக இறுக்கிப் பிடித்து, பிடி விடாமல் அப்படியே வெளியே திருப்புங்கள். மூலை கூர்மையாக வெளியே வரும். கத்தரி முனையால் குத்தித் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். முனை மழுங்கிய குச்சி ஒன்று போதும்.

இனிப் பஞ்சு. பாக்கெட்டிலிருந்து எடுத்த பாலியஸ்டர் பஞ்சை உருட்டி உள்ளே தள்ளினால் உருண்டை உருண்டையாகத்தான் நிற்கும். இரண்டு கையாலும் பிய்த்து, காற்றோட்டமாக உதறிவிட்டு உள்ளே வையுங்கள். முதலில் நான்கு மூலை, அடுத்து ஓரங்கள், கடைசியில் நடு. இதில் வரிசை மாறக் கூடாது. நடு நிறைந்த பிறகு மூலைக்குப் பஞ்சு கொண்டுபோகவே முடியாது. எம்ப்ராய்டரிக்குப் பின்னால் மெல்லிய பஞ்சுத் தகடு ஒன்றை அதே அளவுக்கு வெட்டி வைத்துவிட்டு மற்றப் பஞ்சை அடைத்தால் படம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் ஒரு பிடி வையுங்கள், நாளாக ஆகப் பஞ்சு அமுங்கும்.

திறப்பை மூட ஏணித் தையல். இந்தப் பக்க மடிப்புக்குள் 3 மில்லிமீட்டர், எதிர்ப்பக்க மடிப்புக்குள் 3 மில்லிமீட்டர் என்று மாறி மாறி எடுத்து, நாலைந்து தையலுக்கு ஒரு முறை நூலை இழுங்கள். இரண்டு ஓரமும் சேர்ந்து நூல் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்.

கேள்வி: தைப்பதற்கு முன் எம்ப்ராய்டரியைத் துவைத்தேன். சிவப்பு நூல் சாயம் போய் வெள்ளைத் துணி இளஞ்சிவப்பாகிவிட்டது.

உலர விடாதீர்கள். இஸ்திரியும் வைக்காதீர்கள், சூடு பட்டால் சாயம் அங்கேயே பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிழியாமல் டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, விரித்து உலர்த்துங்கள். தண்ணீரில் அழியும் நீல மார்க்கரால் படம் வரைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை: கோட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அலசிப் போக்காமல் இஸ்திரி போடக் கூடாது.

கேள்வி: என் அம்மா கன்னிப் பெண்ணாக இருந்தபோது போட்ட எம்ப்ராய்டரித் துணி ஒன்று கிடைத்தது. ஓரங்களில் அரை விரல் அளவுகூட வெற்றுத் துணி இல்லை. துணியும் கொஞ்சம் மஞ்சளித்து நைந்திருக்கிறது. இதைத் தலையணையாக்கலாமா, அல்லது அப்படியே வைத்துவிடட்டுமா?

ஆக்கலாம். ஆனால் அந்தத் துணியே தலையணையாக வேண்டியதில்லை, தலையணையின் மேல் உட்கார்ந்தால் போதும். இந்தத் துணி மேல் கத்தரி கடைசியில்கூடப் படக் கூடாது.

மேலே சொன்ன ஒட்டுக் கேன்வாஸை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டிய பசையைப் பிறகு எடுக்க முடியாது, பழைய துணிக்கு நாம் செய்யும் எதையும் நாளைக்குப் பிரித்தெடுக்க வழி இருக்க வேண்டும். மஞ்சள் போக பிளீச் போடுவதும் கூடாது. துவைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிற நூலின் பின்பக்கமும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் தண்ணீரே காட்ட வேண்டாம்.

மென்மையான வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை அடியில் விரித்து, அதன் மேல் அம்மாவின் துணியை இழுக்காமல் கிடத்தி, சுற்றிலும் நடுவிலுமாகப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் பிணையுங்கள். இனி இழுவை எல்லாம் அடித்துணியில் விழும், நைந்த துணி தப்பிக்கும். இப்போது ஓரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் உள்ளே மடித்து, அதைவிடப் பெரிய, நிறம் அடங்கிய ஒரு துணியின் நடுவில் வைத்து, சுற்றிலும் நுணுக்கமாக ஹெம்மிங் செய்யுங்கள். மடிக்கவே துணி இல்லாத இடத்தில் மெல்லிய நாடாவை ஓரத்தின் மேல் வைத்துத் தைக்கலாம். அந்தப் பெரிய துணிதான் உங்கள் தலையணையின் முகம். வெட்டு, தையல், மூலை எல்லாம் அதில்தான் நடக்கும். கடைசி ஹெம்மிங் முடிந்ததும் பிணைத்த ஓட்டுத் தையல்களை உருவிவிடலாம். துணி ரொம்ப நைந்திருந்தால் நடுவில் உள்ளவற்றை விட்டுவையுங்கள்.

இதற்குள் பஞ்சை நேராக அடைக்காதீர்கள். உறையாகத் தைத்து, தனித் தலையணையை உள்ளே போடுங்கள். பின்பக்கம் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று 4 அங்குலம் ஏறிப் படுத்தால் ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். சாதாரணமாக உள்தலையணை உறையைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால்தான் நிறைவாக இருக்கும் என்று சொல்வேன். உங்களுக்கு மட்டும் அதே அளவு போதும், துணி விறைத்து நிற்கக் கூடாது. வெயில் படாத இடத்தில் வையுங்கள். உறையின் உள்பக்கத்தில் அம்மாவின் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதிவிடுங்கள், பேனா வேண்டாம்.

கேள்வி: நான் பள்ளி மாணவன். எட்டு மூலை உள்ள பின் குஷன் (ஊசி குத்தி வைக்கும் குட்டித் தலையணை) ஒன்றைப் படத்தில் பார்த்தேன். இரண்டு சதுரத்தை வைத்து எப்படி எட்டு மூலை வருகிறது? உள்ளே அரிசி போடலாமா?

தம்பி, அதற்கு பிஸ்கோர்னு என்று பெயர். ஒரே அளவில் இரண்டு சதுரம் எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் 40 கட்டத்துக்கு 40 கட்டம் வருகிற மாதிரி சுற்றிலும் பின்தையல் கோடு போடு, ஒரு தையலுக்கு இரண்டு கட்டம். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு 20 தையல். கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டி, அந்த ஓரத்தை உள்ளே மடித்துவிடு. இனி சூட்சுமம் இதுதான்: மூலையோடு மூலையைச் சேர்க்காதே. ஒரு சதுரத்தின் மூலையை மற்றதன் பக்கத்தில் நட்டநடுவில், அதாவது 10 தையல் தாண்டி வை. அங்கிருந்து இரண்டு கோட்டின் தையல்களையும் ஒன்றுக்கு ஒன்றாக ஊசியில் கோத்துச் சுற்றித் தைத்துக்கொண்டு வா. துணியைக் குத்த வேண்டியதே இல்லை, தையலை மட்டும் பிடித்தால் போதும். பத்துத் தையலுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மூலை வந்து திரும்பும். கடைசிப் பக்கத்தில் பஞ்சு அடைத்து மூடிவிட்டு, நடுவில் மேலும் கீழுமாக இரண்டு பட்டன் வைத்து இழுத்துக் கட்டினால் நீ பார்த்த வடிவம் வரும்.

அரிசி வேண்டாம். பூச்சி வரும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டர் பஞ்சை இறுக்கமாக அடை. ஊசி கூராக வேண்டுமென்றால் எமரித் தூளை (தீட்டப் பயன்படும் கடினமான கல் தூள்) நெருக்கமாக நெய்த துணியில் சின்னப் பையாகத் தைத்து உள்ளே வை. குத்தி எடுக்க எடுக்க ஊசி தீட்டப்படும்.

கேள்வி: இலவம்பஞ்சு நல்லதா, பாலியஸ்டர் நல்லதா?

தொட்டுப் பார்க்க இலவம்பஞ்சுதான். லேசானது, வழவழப்பானது. ஆனால் அடைக்கும்போது பறக்கும், மூக்கைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இழை தையல் வழியே வெளியே எட்டிப் பார்க்கும் என்பதால் உள்பை கட்டாயம் வேண்டும். அடிக்கடி துவைக்கிற தலையணைக்குப் பாலியஸ்டர். சாதாரணப் பருத்திப் பஞ்சு துவைத்தால் கட்டி தட்டும், நான் போடுவதில்லை.

கேள்வி: ஓரத்துக்கு வைக்கும் முறுக்குக் கயிற்றை அதே எம்ப்ராய்டரி நூலிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. வேண்டிய நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் எடுத்து, ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைப் பென்சிலில் சுற்றி முறுக்குங்கள். தளர்த்தினால் நூல் தானாகச் சுருண்டுகொள்ளும் அளவுக்கு முறுக்கேறியதும் நடுவில் பிடித்து இரண்டாக மடித்து விடுங்கள். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். தலையணையின் திறப்பை மூடும்போது அரை அங்குலம் மூடாமல் வைத்திருந்து, கயிற்றின் இரண்டு முனையையும் அந்த ஓட்டைக்குள் செருகி, தையல் கோட்டின் மேலேயே கயிற்றைப் பிடித்துத் தைத்துக்கொண்டு போங்கள்.