சுதந்திராக் கட்சி முதல் கொறடா உத்தரவு வரை: கேள்வி பதில்

தமிழகச் சட்டமன்ற அரசியலை வலதுசாரிக் கண்ணோட்டத்தில் பார்க்கும் இந்தக் கேள்வி பதிலுக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சேலம் வாசகர்: பழமைவாதம் என்றாலே மத அரசியல்தானே ஐயா?

இல்லை. 1959-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்கள். குடியானவன் நிலம் அவனிடமே இருக்க வேண்டும், அரசாங்கம் தொழிலுக்குள் நுழையக் கூடாது என்பதுதான் அவர்கள் பேச்சு. 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்ற சொல் ராஜாஜி தந்தது.

அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை. கிணற்றுச் சுவர் கட்ட என் தாத்தா சிமெண்ட் பர்மிட் கேட்டு எழுதிப்போட்ட மனு அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. பன்னிரண்டு மூட்டை என்று அவர் எழுதியிருந்ததை யாரோ ஒரு அதிகாரி சிவப்பு மையில் அடித்து ஐந்து என்று போட்டிருந்தார். காரணம் எழுதவில்லை. சொந்தக் காசில், சொந்தக் கிணற்றுக்குக் கேட்ட சிமெண்ட் அது.

திருச்சி வாசகர்: 1962-இல் சுதந்திராக் கட்சிக்கு 7.8 சதவீதம், 1967-இல் 5.3 சதவீதம். அதற்குள்ளேயே தேய்ந்துவிட்டதே?

வாக்கு சதவீதத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். எத்தனை இடத்தில் நின்றார்கள் என்று முதலில் பாருங்கள். 1962-இல் 94 தொகுதியில் நின்று 6-இல் வென்றார்கள். 1967-இல் திமுக கூட்டணியில் 27 தொகுதியில் நின்று 20-இல் வென்றார்கள். தேய்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஈரோடு வாசகர்: அடுத்த தேர்தலில் யார் வருவார்கள்?

ஜோசியம் எனக்குத் தெரியாது.

மதுரை வாசகர்: அப்படியானால் 1967-இல் அண்ணாவை முதல்வர் ஆக்கியது ராஜாஜிதான். காங்கிரஸுக்கு 41.1 சதவீதம், திமுகவுக்கு 40.7. காங்கிரஸ்தான் அதிகம்!

உங்களுக்கும் அதே எச்சரிக்கைதான். காங்கிரஸ் 232 இடத்தில் நின்று வாங்கியது அது. திமுக நின்றது 174 இடத்தில். நின்ற இடங்களில் திமுக மிகவும் முன்னே இருந்தது.

தஞ்சை வாசகர்: மதுரைக்காரருக்கு ஒரு பதில். 1965 மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, 'ரூபாய்க்கு மூன்று படி' இதெல்லாம் கணக்கில் இல்லையா? கூட்டணி வெறும் ஒட்டு.

மதுரை வாசகர்: கூட்டணி வெறும் ஒட்டு என்றால், அது இல்லாமலேயே 1962-இல் திமுக ஜெயித்திருக்க வேண்டுமே?

இருவரும் பாதி சரி. 1962-இல் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீதம். ஐந்தாண்டில் இறங்கியது ஐந்து சதவீதம்தான். ஆனால் இடங்கள் 139-இலிருந்து 51-ஆகச் சரிந்தன. கோபம் அந்த ஐந்து சதவீதத்தைக் கொண்டுவந்தது. மீதியைச் செய்தது, சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்கு ஒரே பெட்டிக்குள் விழுந்தது. நிலவுரிமை பேசிய கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் முஸ்லிம் லீக்கையும் ஒரே அணியில் உட்காரவைப்பது லேசான காரியமில்லை. அதில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 'அவர்தான் ஆக்கினார்' என்றால், தெருத்தெருவாக நடந்த திமுக தொண்டனுக்கு அநியாயம். அதே ராஜாஜி 1971-இல் காமராஜருடன் சேர்ந்தார். திமுக 184 இடம் பிடித்தது, சுதந்திராவுக்கு 6. ராஜாஜி பக்கம் மட்டுமே காரணம் என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள், மதுரைக்காரரே?

நெல்லை வாசகர்: குலக்கல்வித் திட்டத்தையும் ஆதரிப்பீர்களா?

மாட்டேன். குடும்பம் தன் பிள்ளையின் வழியைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953-இல் முதல்வர் ராஜாஜி மேலிருந்து போட்ட உத்தரவை நான் எப்படி ஆதரிப்பேன்? அதனால் வந்த எதிர்ப்பில்தான் அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார், காமராஜர் வந்தார். மதுவிலக்கில் மட்டும் நான் அவர் கட்சி. 1937-இல் சேலத்தில் தொடங்கியவர், 1971-இல் அதை விலக்கப்போகிறார்கள் என்றதும் 92 வயதில் கருணாநிதியிடம் நேரில் போய் வேண்டாம் என்று கேட்டார்.

கோவை வாசகர்: அடுத்து யார் ஆட்சி?

மேலே பாருங்கள். மூன்றாவது முறை கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

புதுக்கோட்டை வாசகர்: இன்றைய சட்டமன்றத்தில் உங்களுக்குப் பெரிய குறை எது?

கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளை. 1985-இல் 52-வது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்க வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் நம் ஊர் எம்.எல்.ஏ., தன் தொகுதி ஏரியைப் பாதிக்கும் மசோதாவில் கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தால் பதவியே போகலாம். அவரை நாம் எதற்கு அனுப்பினோம்? சுதந்திராக் கட்சி தன் அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர்களை மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடா போதும். மற்றதற்கு வேண்டாம்.

வேலூர் வாசகர்: தொகுதி மறுவரையறை?

அது என் துறை இல்லை. அரசியல் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கடலூர் வாசகர்: சுதந்திராக் கட்சியையே மறுபடி தொடங்கினால் என்ன?

1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்துபோன கட்சி அது. இன்று அதே கொள்கையோடு பதிவு செய்யப் போனால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவு குறுக்கே நிற்கும். மதச்சார்பின்மை, ஜனநாயகம் இவற்றோடு சோசலிசத்துக்கும் விசுவாசமாக இருப்போம் என்று கட்சி விதிகளில் எழுதித் தர வேண்டும். முதல் இரண்டையும் ராஜாஜி யோசிக்காமல் எழுதித் தந்திருப்பார். மூன்றாவதை எதிர்க்கத்தானே கட்சியே தொடங்கினார்.