ஜிம் ஊசி, மராத்தான் களைப்பு, தானாக இறங்கிய எடை: ஆண்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஜிம்மைப் பற்றியவை. வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன்: வயது, உயரம், எடை, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்னென்ன மருந்து, ஜிம்மில் யாராவது ஏதாவது கொடுத்தார்களா... இவ்வளவும் எழுதுங்கள். இது இல்லாத கடிதத்துக்கு உருப்படியான பதில் தர முடியாது.

தினமும் ஜிம்முக்குப் போனால் ஆண்மை குறைந்துவிடும் என்கிறார் மாமா. உண்மையா? (21 வயது, சேலம்)

இல்லை. தைரியமாகப் போங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு விடுங்கள். சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

எனக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 290 வந்திருக்கிறது. ஆபத்தா?

வயது இல்லை, எடை இல்லை, ரத்தம் எடுத்த நேரம் இல்லை. ஒரே ஒரு எண்ணை வைத்து நான் என்ன சொல்வது? டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்த வாரத்திலோ, நைட் ஷிஃப்ட் முடித்த காலையிலோ எடுக்கவே கூடாது. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வில், பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. ஒழுங்காகத் தூங்கி, மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டு முறையும் 300-க்குக் கீழே இருந்து, உடலில் தொந்தரவும் இருந்தால் அப்புறம் பேசலாம். அதுவரை யார் சொன்னாலும் ஊசி வேண்டாம்.

34 வயது, ஐடி வேலை. மராத்தானுக்காக வாரம் 80 கிலோமீட்டர் ஓடுகிறேன், நான்கு நாள் வெயிட்ஸ். ஒரு வேளைதான் சாப்பாடு. நான்கு மாதத்தில் 11 கிலோ குறைந்தேன். இப்போது காலை விறைப்பே இல்லை, மனைவியிடம் எரிந்து விழுகிறேன், தூக்கமும் கெட்டுவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் இரண்டு முறையும் 240. (சென்னை)

விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் உடம்பு பட்டினியில் இருக்கிறது. ஓட்டத்துக்கும் வெயிட்ஸுக்கும் போனது போக மிச்சமிருக்கும் கலோரியில் இதயம், மூளை, தசைப் பழுது எல்லாம் ஓட வேண்டும். அது போதாதபோது, உயிர் வாழ அவசரமில்லாத வேலைகளை மூளை நிறுத்தி வைக்கும். முதலில் நிறுத்துவது இனப்பெருக்கத்தை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், விதையை இயக்கும் எல்ஹெச் ஹார்மோன் குறையும், விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி படுத்துவிடும். பெண் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நிற்பதைத்தான் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கும் இதே கதைதான் என்பதைச் சேர்த்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

பட்டினி ஆண்களை என்ன செய்யும் என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே சோதித்துப் பார்த்தாயிற்று. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள், போருக்குப் போக மறுத்து இதற்குத் தாங்களாக முன்வந்தவர்கள். உடல் எடையில் சுமார் கால் பங்கு போனது. எரிச்சல், சோர்வு, குளிர் தாங்காமை எல்லாம் வந்தது. காமம் சுத்தமாக வற்றியது. சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பழையபடி ஆக மாதக்கணக்கு ஆயிற்று.

ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூன்று வேளை சாப்பிடுங்கள், சோறு உட்பட. எடை மூன்று நான்கு கிலோ ஏறட்டும், பயப்படாதீர்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடினால் அன்று பயிற்சி கிடையாது. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை, எல்ஹெச், புரோலாக்டின், தைராய்டு சேர்த்து. அப்போதும் ஏறவில்லை என்றால் எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரைப் பாருங்கள். அதுவரை ஊசி வேண்டாம். ஏன் என்பதை அடுத்த பதிலில் படியுங்கள்.

29 வயது. கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று வந்துவிட்டது. ஜிம்மில் டிரெய்னர் சொல்லி இரண்டு சைக்கிள் (சில வாரம் தொடர்ந்து ஊசி போடும் சுற்று) டெஸ்டோஸ்டிரோன், டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறேன். அது "இயற்கையான ஹார்மோன்தான்" என்றார். இனி குழந்தை பிறக்குமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விந்தணு உருவாக விதைப்பைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். அதை அங்கேயே தயாரித்தால்தான் உண்டு. வெளியிலிருந்து ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு எகிறும், "போதும் போதும்" என்று பிட்யூட்டரி, விதையை இயக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும். உள் உற்பத்தி நிற்கும், விந்தணு நிற்கும், விதை சுருங்கும். வெளியே புஜம் பெருத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இதுதான் நடக்கிறது. இதையே ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் ஊசி. ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம். ஜிம்மில் போடும் அளவு பெரும்பாலும் இதைவிட அதிகம். ஆக, கருத்தடை ஊசியைத்தான் சத்து ஊசி என்று சொல்லி உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இது. என்னிடம் வரும் இப்படிப்பட்ட தம்பதிகளில் மனைவியின் ஃபைல்தான் எப்போதும் தடிமனாக இருக்கும். ஸ்கேன் மேல் ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, கருமுட்டை வளர மாத்திரை, கோயில், விரதம், மாமியார் பேச்சு. அந்தப் பெண் இரண்டு வருடம் இதையெல்லாம் தாங்கியிருப்பார். கணவருக்கு இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாத விந்துப் பரிசோதனையை முதல் மாதம் யாரும் எழுதித் தரவில்லை. எடுத்த இடத்திலும் "ஜிம்முக்குப் போகிறீர்களா, ஊசி போட்டீர்களா" என்று கேட்கவில்லை. தம்பியும் வாயைத் திறக்கவில்லை. நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மனைவியை வெளியே உட்காரச் சொல்லிக் கேட்டால்தான் போனில் இருக்கும் மருந்துக் குப்பியின் படத்தைக் காட்டுவார்கள். லேபிளில் தயாரிப்பாளர் முகவரி இருக்காது. உள்ளே இருப்பது என்னவென்று விற்றவருக்கும் தெரியாது.

சமீபகாலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மெஃபென்டர்மின். அறுவை அரங்கில் ரத்த அழுத்தம் சரியும்போது மயக்க மருந்து டாக்டர் போடும் ஊசி. அதை "பம்ப்" வருவதற்காக, அதாவது தசை புடைத்துத் தெரிவதற்காக, பையன்கள் நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும், அடிமைப்படுத்தும்.

உங்களுக்கு: ஊசி இனி ஒன்றுகூட வேண்டாம். ஆனால் "பிசிடி" (சைக்கிள் முடிந்த பிறகான சிகிச்சை) என்று டிரெய்னர் தரும் மாத்திரையையும் தொடாதீர்கள். எச்சிஜி, குளோமிஃபீன் போன்றவை நிஜமாகவே உதவும் மருந்துகள்தான். ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்க நலம்) அல்லது எண்டோகிரைன் டாக்டர் ரத்த அளவைப் பார்த்துத் தர வேண்டியவை. நிறுத்தியதும் சில மாதம் சோர்வு, மனச்சோர்வு, ஆசையின்மை வரலாம். அந்தக் கட்டத்தில்தான் பலர் திரும்பவும் ஊசிக்குப் போகிறார்கள். வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரு விந்தணு முழுதாக உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதத்துக்கு முன் பரிசோதனை எடுத்துப் பயனில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். டெக்கா உடம்பை விட்டுப் போகவே நாள் பிடிக்கும். கூடவே இசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், கொழுப்பு அளவு எல்லாம் பார்த்துவிடுங்கள். ரத்தம் தடிப்பதும் இதயத் தசை பருப்பதும் வெளியே தெரியாது.

அப்புறம், உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் இன்னும் ஒரு ஊசிகூடத் தேவையில்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

கிரியாட்டின் சாப்பிடுகிறேன். கிரியாட்டினின் 1.4 வந்தது. கிட்னி போய்விட்டதா? (26 வயது, மதுரை)

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்த அளவு. ஜிம்மில் தசைக்காகச் சாப்பிடும் கிரியாட்டின் எடுத்தாலும் தசை அதிகமிருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடவே காட்டும். இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள், சிஸ்டாட்டின்-சி (சிறுநீரகத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் இரண்டையும் சேர்த்து. ரத்த அழுத்தமும் பாருங்கள்.

முதல் நாள் ஜிம். 300 ஸ்குவாட் போடச் சொன்னார்கள். இரண்டு நாளாகத் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. வெந்நீர் ஒத்தடம் போதுமா?

போதாது. இதைக் கடிதமாக எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை இது. இந்தக் கடிதம் வந்த அன்றே பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே: கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. வலி மாத்திரை போடாதீர்கள்.

47 வயது, சர்க்கரை உண்டு, இடுப்பு 104 செ.மீ. விறைப்பு சரியில்லை. நடக்க நேரமில்லை, மாத்திரை எழுதுங்கள். (திருச்சி)

கடிதத்தில் எழுதித் தர மாட்டேன். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், இதயத்துடையது மூன்று நான்கு. அடைப்பு முதலில் சின்னக் குழாயில் தெரியும். இரண்டு மூன்று வருடம் கழித்து மார்பில் தெரியலாம். முதலில் இதயத்தைப் பாருங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர் விறைப்பு மாத்திரை போட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

நம்மவர்களுக்கு இடுப்பு 90-ஐத் தாண்டக் கூடாது. தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எடையில் பத்து சதவீதம் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும், சர்க்கரையும் இறங்கும். இதயம் சரியென்று டாக்டர் சொன்ன பிறகு வாரம் நான்கு நாள், 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில் ஆறு மாதம் நடங்கள். விறைப்புக்கு உதவுவதாக ஆய்வுகளில் தெரிந்த அளவு இது. நேரம் நீங்கள்தான் ஒதுக்க வேண்டும்.

சைக்கிள் ஓட்டினால் கீழே மரத்துப் போகிறது. (40 வயது, கோவை)

சீட்டின் முனையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், நடுவில் பள்ளமுள்ள அகலமான சீட் போடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் வேண்டாம்.

52 வயது. எந்த டயட்டும் இல்லாமல் ஐந்து மாதத்தில் 7 கிலோ குறைந்திருக்கிறேன். எல்லாரும் இளைத்து அழகாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். இப்படியே தொடரலாமா? (வேலூர்)

தொடரக் கூடாது. முயற்சி செய்யாமல் எடை குறைந்தால் அது நோயின் அறிகுறி. சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிஎஸ்ஹெச் (தைராய்டு), மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு பொது மருத்துவரைப் பாருங்கள். இருமலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், வயது, எடை எல்லாம் போட்டு.