கடைசி ஆளுக்கு முதல் கூலி

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்கள் சேர்ந்து 15 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். மத்தேயு 20-இல் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையை இங்குள்ள காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். விடியலில் வந்தவருக்கும் சாயங்காலம் வந்தவருக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்க, முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கும் கதை அது. பழம் பறிக்கும் சீசன், மழை வரப்போகிறது, முதலாளி ஆள் தேடி அலைகிறார். ‘வேதத்தை மாத்துறீங்க’ என்கிறார்கள் பெரியவர்கள். அங்கி தைத்து, திராட்சைப் பந்தல் செட் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் மாற்றலாம்?

வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

பந்தல் செட் வேண்டாம். இத்தாலிய இயக்குநர் பசோலினி மத்தேயு நற்செய்தியைப் படமாக்குமுன் பாலஸ்தீனம் போய் இடம் பார்த்தார், சரிப்படவில்லை. தென் இத்தாலியில் மத்தேரா என்ற பழைய ஊரில் எடுத்தார். படம் 1964-இல் வந்தது. இயேசுவாக ஒரு கல்லூரி மாணவர், முதிய மரியாளாகப் பசோலினியின் தாயார். இடம், முகம், இசை எல்லாம் அவர் இஷ்டம்; வசனத்துக்கு மட்டும் மத்தேயுவையே பிடித்துக்கொண்டார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதைப் பெரியவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம்.

உங்கள் திரைக்கதையின் சிக்கல் உடையில் இல்லை, கூலியில் இருக்கிறது. பல எஸ்டேட்டுகளில் பழம் பறிப்புக்குக் கிலோ கணக்கில்தான் காசு. எடை போட்டுக் கொடுக்கும் இடத்தில் விடியலில் வந்தவரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவரும் ஒரே கூலி வாங்க வழியே இல்லை. உவமை அங்கேயே உடைந்துவிடும். நாள்கூலி வேலைக்கு மாற்றுங்கள். அறுவடை முடிந்து செடியின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து பொருந்தும். ஆனால் கவாத்துக்குப் பழகிய கை வேண்டும், ஐந்து மணிக்கு வந்தவரிடம் கத்தியைக் கொடுக்க மாட்டார்கள். மற்றவர்கள் கழித்த கிளைகளை அவர் சுமந்து ஓரம் சேர்க்கட்டும்.

மழையையும் எடுத்துவிடுங்கள். பழம் வீணாகிவிடும் என்ற அவசரம் இருந்தால் முதலாளி தன் தேவைக்கு ஆள் பிடிக்கிறார் என்றாகும். பிறகு அவர் ‘நான் நல்லவனாக இருப்பது உனக்குப் பொறாமையா’ என்று கேட்டால் எடுபடாது. மத்தேயு காரணம் எதுவும் சொல்லவில்லை. போகிறார், ஆள் நிற்கிறார்கள், கூட்டிவருகிறார்.

ஆள் நிற்கும் முனையை ஐந்து முறையும் ஒரே கோணத்தில் வையுங்கள்: காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 5. கடைசியாகக் கூப்பிடப்படுபவர் முதல் ஷாட்டிலேயே பின்னால் எங்காவது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ‘எங்களை யாரும் கூப்பிடவில்லை’ என்று அவர் சொல்லும்போது பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். நேரத்தை நிழல்தான் காட்ட வேண்டும், அதனால் பனிமூட்ட மாதங்களைத் தவிருங்கள். மூட்டத்தில் ஒன்பது மணியும் மூன்று மணியும் ஒன்றுபோலத்தான் தெரியும். தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் நிழலுக்குள்ளும் அதே கதை. மின்கம்பமோ திறந்த திண்ணையோ ஃப்ரேமில் இருக்கட்டும். கவாத்து நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் தெளிவாகவே கிடைக்கும்.

கூலி கொடுக்கும் காட்சிக்கு நாலு நிமிடமாவது ஒதுக்குங்கள். கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கச் சொல்கிறார் முதலாளி. இந்த வரிசையை மாற்றினால் படமே இல்லை; முதலில் வந்தவர்கள் முதலில் வாங்கியிருந்தால் பேசிய காசோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், சண்டைக்கு இடமேது? ஆகவே கணக்கெழுதிக் கூலி கொடுக்கும் ரைட்டரின் மேசைக்கு குளோசப் போகாதீர்கள். நோட்டு கைமாறுவதும், வரிசையின் கடைசியில் நிற்பவர் எட்டிப் பார்ப்பதும் ஒரே ஃப்ரேமில் விழ வேண்டும். எல்லோருக்கும் ஒற்றை 500 ரூபாய் நோட்டு. உவமையில் கூலியாக வரும் தெனாரியம் என்ற ரோமானிய நாணயமும் ஒற்றைக் காசுதான். எண்ண வேண்டியதில்லை, தூரத்திலிருந்தே தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பில் அது ‘ஒரு பணம்’. வசனத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், மலையில் யார் வாயிலும் உறுத்தாது.