குழந்தையின் டர்ட் பைக் ஐடிலிலேயே நகர்கிறது, ஆட்டோமேட்டிக் கிளட்சை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

முதலில் கிளட்சைத் தொடாதீர்கள், ஐடில் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை, குறைத்துப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

இது மையவிலக்கு கிளட்ச். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் எடைகள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் டிரம் என்ற உருளையைப் பிடிக்கும். ஐடில் அதிகமானால் ஆக்சிலரேட்டரில் கையை வைக்காமலே கிளட்ச் பிடித்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் அதே கதைதான்.

ஹோண்டா சிஆர்எஃப்50 போல கியர் உள்ள வண்டி என்றால் அட்ஜஸ்டர் ஸ்க்ரூ உண்டு. எஞ்சினை அணைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றுங்கள். அப்புறம் லேசாக இறுக்கம் தட்டும்வரை மெதுவாக இடப்பக்கம். அங்கிருந்து 1/8 சுற்று வலப்பக்கம். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆனால் இந்த ஸ்க்ரூ கியர் மாற்றும்போது கிளட்ச் விடுபடுவதற்குத்தான், பிடிக்கும் வேகத்தை மாற்றாது.