எப்போதும் குறைவாக இருந்த பிரஷர் 52 வயதில் ஏன் ஏறுகிறது?

"எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்கு பிரஷர் 100/70-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போது இரண்டு முறை பார்த்தபோதும் 146/88. பத்து வருடமாக மாத்திரை சாப்பிடும் என் கணவருக்குக்கூட இவ்வளவு இல்லை. மகள் பிறந்தபோது மட்டும் பிரஷர் ஏறி, கைகால் வீங்கி, நாள் நெருங்குவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது ஏறியிருப்பது மாதவிடாய் நின்றதாலா? ஹார்மோன் மாத்திரை எடுத்தால் சரியாகிவிடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாதவிடாய் நின்றது ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பிரசவத்தைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். ரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும்போது இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக வெளிவிடும். அது பக்கத்திலிருக்கும் தசைக்குள் ஊடுருவியதும் தசை தளரும், குழாய் விரியும், பிரஷர் தணியும். இதைக் கண்டறிந்ததற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயுவின் உற்பத்தியைக் கூட்டுகிற வேலையை ஈஸ்ட்ரோஜன் செய்கிறது. நரம்புகள் குழாயை இறுக்கும்போதுகூட, இளம்பெண்களின் குழாய்கள் ஓரளவு தளர்ந்து கொடுத்து அதை ஈடுகட்டிவிடும். ஆண்களுக்கு இந்தச் சலுகை குறைவு. அதனால்தான் உங்கள் கணவர் முந்திக்கொண்டார்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்தப் பாதுகாப்பு விலகுகிறது. பெருந்தமனி வேகமாக விறைப்பாகிறது, உப்பு சட்டென்று பிரஷரை ஏற்றுகிறது. அறுபதுகளுக்குள் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்து, பிறகு தாண்டியும் போகிறார்கள். 'எனக்கு லோ பிரஷர் உடம்பு' என்ற நம்பிக்கையில் பல வருடம் பார்க்காமலே விட்டுவிடும் பெண்கள் நிறைய. நீங்கள் பார்த்தது நல்லது.

சரி, அந்தப் பிரசவம். நீங்கள் விவரிப்பது ப்ரீ-எக்லாம்ப்சியா போலத் தெரிகிறது. நஞ்சுக்கொடியில் தொடங்கி, நான் மேலே சொன்ன அதே எண்டோதீலியத்தைப் பாதிக்கும் நோய் அது. குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு அதிகம். மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 50 வயதில் பிரஷருக்காகப் போகும் பெண்ணிடம் பழைய பிரசவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். எத்தனையாவது மாதத்தில் குழந்தையை எடுத்தார்கள் என்பது உட்பட நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஏழு நாள் அளந்து எழுதி வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல், கையில் சுற்றும் பட்டை நெஞ்சின் மட்டத்தில். கை தொங்கினாலும், பட்டை சிறியதாக இருந்தாலும், நடுவில் பேசினாலும் அளவு கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம்தான்.

ஹார்மோன் மாத்திரையை பிரஷருக்காக எடுக்க வேண்டாம். உடல் சூடு, வியர்வை தாங்க முடியவில்லை என்றால் அதை மகப்பேறு மருத்துவரோடு தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள். அங்கேயும் பிரஷர் விவரத்தைச் சொல்லுங்கள். கணவரின் மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்ப்பதும் கூடாது. சில பிரஷர் மாத்திரைகளால் வரும் வறட்டு இருமல், அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை தரும் கணுக்கால் வீக்கம், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையால் சோடியம் குறைவது எல்லாமே பெண்களுக்குத்தான் அதிகம். அப்படி வந்தால் நிறுத்திவிடாதீர்கள். சொன்னால் மாற்றித் தருவார்கள். மூட்டுவலிக்கென்று தினமும் வலி மாத்திரை எடுத்தால் அதுவும் பிரஷரை ஏற்றும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், உங்கள் மகள். அம்மாவுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்திருந்தால் மகளுக்கும் வாய்ப்பு கூடுதல். அவர் கர்ப்பமாகும்போது முதல் செக்கப்பிலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் முதல் சில மாதங்களிலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார்.