50 லட்சம் யார் கைக்கும் வராது, தம்பி

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய்மாமன் எழுதியிருக்கிறார். அக்கா மகனுக்கு நாலு வயது. வயிறு உப்பிக்கொண்டே போக, மூக்கிலும் அடிக்கடி ரத்தம் வர, கோயம்புத்தூரில் பார்த்து காஷர் நோய் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பில் ஒரு என்சைம் குறைவதால் மண்ணீரலிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும் பரம்பரை அரிய நோய் அது. மத்திய அரசு தரும் 50 லட்சத்தை வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து, ஃபைல் நகர 25 ஆயிரம் முன்பணம் கேட்கிறாராம். ரேஷன் கார்டு கேரளத்தில், குழந்தையின் அப்பாவுக்கு வேலை பொள்ளாச்சியில். எந்த மாநிலத்தில் கேட்பது, பணத்தைக் கொடுக்கலாமா என்கிறார்.

கொடுக்காதீர்கள் தம்பி, ஒரு ரூபாய்கூட. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. உதவித் தொகையை 2022-இல் 50 லட்சம் வரை உயர்த்தினார்கள். அந்தப் பணம் உங்கள் அக்காவின் பாஸ்புக்கில் ஏறாது. அரசு அறிவித்த உயர்சிறப்பு மையம் என்ற மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மருந்தாகத்தான் குழந்தைக்கு வரும். விண்ணப்பத்தை அனுப்புவதும் அந்த மருத்துவமனைதான். நடுவில் ஒருவருக்கு வேலையே இல்லை.

மாநிலக் குழப்பமும் வேண்டாம். இது மத்தியத் திட்டம். திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் பட்டியலில் இருக்கின்றன. நான் திருவனந்தபுரத்தைச் சொல்வேன். கார்டு கேரளத்தில் இருப்பதால் அரிய நோய்களுக்கான மாநிலத்தின் 'கேர்' திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம். பாலக்காட்டில் இரவு அம்ருதா எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். குறையும் என்சைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து இது, அதனால் போய்வரும் வழி முக்கியம். பிற்பாடு பக்கத்து மருத்துவமனையிலேயே ஏற்ற ஏற்பாடு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

என்சைம் பரிசோதனை ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட், வயிற்று ஸ்கேன், ரத்த அணு எண்ணிக்கை, பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஆதார். எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவராதீர்கள். மலையாளத்தில் இருக்கிறது, எதற்கென்று தெரியாது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போடும் பழக்கம் நம் எல்லை ஊர்களில் நிறைய. படித்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள். குழந்தையின் படத்தையும் கொடுக்காதீர்கள். கியூஆர் கோடு ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு வசூல் செய்வார்கள், கணக்கு உங்களுக்கு வராது. நன்கொடைக்கு மத்திய சுகாதார அமைச்சகமே தனி இணையதளம் வைத்திருக்கிறது. அதில் கொடுப்பது நேராக மருத்துவமனைக்குப் போகும்.

பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலிருந்து இதே நோயோடு ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவந்தார்கள். பாவாடை நாடா வயிற்றில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் தொப்புள்வரை கல்லாக இருந்தது. அதற்கு மூன்று வருடமாகப் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு மருத்துவமனையில் மண்ணீரலையே எடுத்துவிடத் தேதியும் குறித்துவிட்டார்கள். என்சைம் மருந்திலேயே அது சுருங்கக்கூடியது. அவசரப்பட்டு எடுக்க யார் சொன்னாலும் மையத்தின் டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். பிப்ரவரி கடைசி நாளில் அரிய நோய் தினம் என்று ஊர்வலம் போகிறோம். தடுப்பூசி நாளில் நர்ஸ் அந்த விலாவுக்குக் கீழே ஒருமுறை கை வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் குழந்தைக்கு மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். குழந்தை எடை கூடக்கூட மருந்தின் அளவும் கூடும். மருந்து வாழ்நாள் முழுக்க வேண்டும், உதவிக்கோ உச்சவரம்பு. தீர்ந்தபின் என்ன என்று கேட்டுப் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருக்கிறது. இது சரியே இல்லை. தொகை தீருமுன்பே மையத்தின் டாக்டரிடம் மருந்து நிறுவனங்களின் இலவச மருந்துத் திட்டம் பற்றிப் பேசிவையுங்கள்.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று மாமியார் அக்காவைத் திட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா, அம்மா இருவரிடமும் மாறிய ஜீன் ஒவ்வொன்று இருந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் வராது, அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வரும். நோயே இல்லாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தது இது. மாமியாரின் மகனுக்கும் அதில் சரிபாதி. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நாலில் ஒன்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அக்கா மறுபடி முழுகாமல் இருக்கிறார் என்கிறீர்கள், எத்தனை மாதம் என்று இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இந்த நோய் உண்டா என்று 11-வது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முதலில் மூத்தவனின் ஜீன் ரிப்போர்ட் கையில் இருக்கவேண்டும். அது இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே ரத்தம் கொடுங்கள். திருவனந்தபுரத்துக்குப் பையனோடு அக்காவையும் கூட்டிப்போங்கள், இந்த வாரமே.