டீக்கடை: தேதி குறிக்கும் முன் முடிக்க வேண்டியவை

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து டீக்கடை வைக்கிறோம். இடம் பிடித்து முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வாடகை ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. கூடுதல் மின் இணைப்பு இன்னும் வரவில்லை. போன வாரம் கடையிலேயே 40 கிளாஸ் டீ போட்டுப் பார்த்தோம். வீட்டில் 4 கிளாஸுக்குப் போடும் அளவை அப்படியே 10 மடங்காக்கினோம், சப்பென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் தூள் போட்டுக் கொதிக்கவிட்டால் கசந்துவிட்டது. மேலே ஏதோ படலம் வேறு. 15 வகை போட்டால்தான் கூட்டம் வரும் என்கிறான் தம்பி. ஒரு நாள் எல்லாம் கைகூடிவிடும் என்று தோன்றுகிறது. மறுநாள் விட்டுவிடலாமா என்றிருக்கிறது. அடுத்த மாதம் திறப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டோம். தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடுங்கள் தோழி. கடையை விட வேண்டாம், தேதியை மட்டும் விடுங்கள். மின் இணைப்பு கைக்கு வராமல், 40 கிளாஸ் டீ ஒரே ருசியில் வராமல் குறித்த தேதி அது. அதைக் காப்பாற்ற ஓடுவதால்தான் ஒரு நாள் ஏற்றமும் மறுநாள் இறக்கமுமாக இருக்கிறது. வேலைகளை வரிசையில் போட்டுவிட்டால் இந்த அலைச்சலில் பாதி தானாகக் குறையும்.

முதலில் டீ. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. 4 கிளாஸ் டீ அகலமான சின்னப் பாத்திரத்தில் கொதிக்கும்போது தண்ணீரில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். 600 மில்லி வைத்து 400 மில்லியாக இறக்குகிறோம் என்றால் மூன்றில் ஒரு பங்கு சுண்டிவிட்டது. வீட்டு டீயின் திடம் அங்கிருந்துதான் வருகிறது. 5, 6 லிட்டர் பிடிக்கும் ஆழமான பாத்திரத்தில் அதே நேரம் கொதித்தால் அந்த அளவுக்குச் சுண்டவே சுண்டாது. அதனால் 10 மடங்கு தூள் போட்டும் நீர்த்துப்போகிறது. சரிக்கட்ட நீங்கள் இன்னும் கொதிக்கவிட்டீர்கள். டீத்தூளின் மணமும் நிறமும் முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். அதற்குமேல் இறங்குவதில் பெரும்பகுதி துவர்ப்பும் கசப்பும்தான். நிறம் கறுத்தும் ருசி ஏறாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பெருக்கல் கணக்கை விட்டுவிட்டு, எடை போட்டுச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 2 லிட்டர், அதாவது 100 மில்லி கிளாஸில் 20 என்று வையுங்கள். 1 லிட்டர் தண்ணீர், 1 லிட்டர் பால் வைத்தால் 20 கிளாஸ் வராது. இதற்குப் போடும் 45 கிராம் தூள் தன் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொஞ்சம் ஆவியாகும். கால் லிட்டர் அதில் போய்விடும். ஆகவே தண்ணீர் 1¼ லிட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூளைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றினால் கொதி வருவதற்குள் எவ்வளவு நேரம் ஊறியது என்று யாருக்கும் தெரியாது, தடவைக்குத் தடவை ருசி மாறும். தூள் போட்டு 3 நிமிடம். பிறகு, தனியாகக் காய்ச்சிச் சூடாகவே வைத்திருக்கும் பாலை ஊற்றி, பொங்கி வந்தபின் 2 நிமிடம். உடனே வடிகட்டுங்கள். வடிதுணியை முறுக்கிப் பிழியாதீர்கள், தூளுக்குள் மிச்சமிருக்கும் கசப்பெல்லாம் அந்தக் கடைசிப் பிழிசலில்தான் வரும். சர்க்கரையைக் கிளாஸில் போட்டுக் கொடுப்பதானால் 8 கிராமில் தொடங்கிப் பாருங்கள். 45 கிராம் என்பதும் தொடக்கம்தான். இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிய சி.டி.சி. குருணை, தூள் இவை சீக்கிரம் இறங்கும். முழு இலைக்கு இதே 3 நிமிடம் போதாது. தூளை 5 கிராம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாது.

போட்ட டீயை அடுப்பிலேயே சுடவைத்துக்கொண்டு இருந்தால் அரை மணி நேரத்தில் மணம் போய் மங்கிவிடும். கூட்ட நேரத்தில் பெரிய பாத்திரமாக ஒரே தடவையில் போட்டுவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வெந்நீரும் பாலும் எப்போதும் சூடாகத் தயாராக இருந்தால் 2 லிட்டர் ஒரு தடவைக்கு 8 நிமிடம்தான் ஆகும். ஒரே அடுப்பில் அரை மணியில் 60 கிளாஸ் போகும். இன்னோர் அடுப்பு பாலுக்கு. கிளாஸில் கலந்து கொடுக்கும் முறை வேண்டுமென்றால், 1 லிட்டர் கொதிநீருக்கு 60 கிராம் தூள் போட்டு 4 நிமிடத்தில் வடித்தால் முக்கால் லிட்டரை ஒட்டி டிகாஷன் கிடைக்கும். கிளாஸுக்கு 25 மில்லி, 30 கிளாஸ். கூட்டம் சீராக இல்லாத கடைக்கு இந்த முறையில் வீணாவது குறைவு.

அந்தப் படலம் தண்ணீரின் வேலை. பெரும்பாலும் உப்புத்தன்மை கூடிய கடினநீராக இருக்கும். அதிலுள்ள கால்சியம், டீயின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து மேலே ஏடு கட்டும். நிறம் சாம்பல் பூத்து மந்தமாகும், மணமும் அமுங்கிவிடும். சோதித்துப் பாருங்கள்: டீ ருசி பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். கடைத் தண்ணீரில் ஒரு கிளாஸ், உப்பு குறைந்த வடிகட்டிய தண்ணீரில் ஒரு கிளாஸ் அப்படியே போட்டு, பால் சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைத் தண்ணீர்க் கிளாஸ் கறுத்து, மேலே ஏடு மின்னினால் விடை கிடைத்துவிட்டது. வேறு தண்ணீரோ சுத்திகரிப்புக் கருவியோ இல்லாமல் எந்தத் தூளை மாற்றினாலும் பயனில்லை. தூள் வியாபாரிகள் கொடுக்கும் மாதிரிகளையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்; கடைத் தண்ணீர், கடை அடுப்பு, கடைப் பாத்திரம், இவற்றில் தேறிய தூளைத்தான் வாங்க வேண்டும். வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், மசாலா, சோப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

பாலில் நஷ்டம் சத்தமில்லாமல் வரும். நேற்றைய மிச்சத்தோடு இன்றைய பாலைச் சேர்க்கவே கூடாது. புதுப் பால் வந்ததும் ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் கொதிக்கவையுங்கள். புளிப்பு ஏறத் தொடங்கிய பால் பச்சையாக இருக்கும்போது நன்றாகத்தான் தெரியும், கொதித்ததும் திரியும். ஒரு கரண்டி திரிந்தால் போகட்டும், 10 லிட்டர் தப்பும். பச்சைப் பால் 5 டிகிரிக்குக் கீழே, காய்ச்சிய பால் 60 டிகிரிக்கு மேலே. நடுவில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கவிடாதீர்கள். இஞ்சி போடுவதானால் தண்ணீரோடு முதலிலேயே கொதிக்கவிடுங்கள், பச்சை இஞ்சி பாலைத் திரிய வைக்கும். அடி கனமான பாத்திரம் வாங்குங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது; அடிப்பிடித்த வாடை ஒரு தடவை ஏறினால் அந்தப் பால் முழுக்க டீக்கு உதவாது.

மின்சாரம் வரட்டும் என்று காத்திருக்கும் நாள்களில் உங்களுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கை எழுதிவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 3 கிலோவாட் கொதிகலனுக்கு 20 நிமிடம் ஆகும். காலைக் கூட்டத்துக்கு அது போதுமா, முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டுமா என்பது இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். கொதிகலன், குளிர்சாதனப் பெட்டி, சுத்திகரிப்புக் கருவி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றின் வாட்டையும் கூட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் மின்பணியாளரிடம் சொல்லுங்கள். கொதிகலனும் பெட்டியும் ஒரே மின்சுற்றில் இருந்தால் கூட்ட நேரத்தில்தான் சுவிட்ச் விழும். சிலிண்டர் எரிவாயு அடுப்பு என்றால், கசியும் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். காற்றுப்போக்கி உயரத்தில் மட்டும் இருந்தால் போதாது.

வடிகால் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. கழுவும் தொட்டியில் போகும் டீத்தூளும் பால் கொழுப்பும் சேர்ந்து குழாயைச் சிமெண்ட் மாதிரி அடைத்துவிடும். தொட்டி வாயில் கம்பி வலை, அதற்குமுன் தூள் கொட்ட ஒரு வாளி, தரைக்கு வடிகால் பக்கம் சரிவு. தரை போட்ட பிறகு சரிவு கொண்டுவருவது இரட்டைச் செலவு. கிளாஸ் கழுவும் தொட்டி வேறு, கை கழுவும் இடம் வேறு. உணவு உரிமத்துக்குச் சோதனைக்கு வருபவர்கள் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. கழுவிய கிளாஸை 77 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துக் கவிழ்த்து உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் வெந்நீரில் முக்கியெடுத்ததே வீண்.

இனி பணம். எல்லாச் செலவையும் கிளாஸில் எழுதிப் பாருங்கள். ஒரு கிளாஸ் விற்கும் விலையில் தூள், பால், சர்க்கரை, எரிபொருள் போகப் பாதி மிஞ்சுகிறது என்று வைப்போம். மாத வாடகை 1,500 கிளாஸ் விலைக்குச் சமம் என்றால், வாடகைக்கு மட்டும் 3,000 கிளாஸ் விற்க வேண்டும், நாளுக்கு 100. இதற்குமேல் சம்பளம், மின்சாரம், கடன் தவணை, உங்கள் இருவர் வீட்டுச் செலவு. இந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு கடைவாசலில் காலை, மதியம், மாலை ஒவ்வொரு மணி நேரம் நின்று எண்ணுங்கள்; வேலை நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. போகிறவர்களை எண்ணினால் மனம் குளிரும், கணக்குக்கு உதவாது. நின்று குடிக்க நேரமும் இடமும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் மாதங்களில் விற்பனை அந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்கும் என்று எதிர்பார்த்து, குறைந்தது 3 மாதச் செலவைத் தொடாமல் வையுங்கள். அலங்காரத்தில் கைவைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, இதில் வேண்டாம்.

வாடகை ஓடுவது உறுத்துகிறது, தெரிகிறது. உரிமையாளரிடம் நேராகப் பேசுங்கள். மின் இணைப்புக்கு அவர் கையெழுத்தோ சம்மதமோ தேவைப்படும் நிலையில், இணைப்பு வரும்வரை பாதி வாடகை என்று கேட்பதில் தவறில்லை. கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். அந்த இடத்தில் உணவுக்கடை நடத்த அனுமதி உண்டா, புகைபோக்கிக்குச் சுவரைத் துளைக்கலாமா, நீங்கள் போடும் தரையும் தொட்டியும் காலி செய்யும்போது யாருக்கு, இவையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே சேருங்கள்.

தம்பியின் 15 வகைக்கு வருவோம். அவர் ஆர்வம் நல்லது, அதைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொருள், ஒரு பாத்திரம், ஒரு மிச்சம் இருக்கிறது. இரண்டு பேர் நிற்கும் கடையில், டீ வடிக்கும் நேரத்தில் ஒருவர் வேறொன்றைக் கலக்கிக்கொண்டிருந்தால் வரிசை நிற்கும், டீ கூடுதலாகக் கொதிக்கும். பால் டீ, பால் சேர்க்காத டீ, காபி, கெட்டுப்போகாத உலர்ந்த தின்பண்டம் இரண்டு. இதோடு தொடங்குங்கள். கேட்டு இல்லையென்று போகிறவர்களை நோட்டில் குறிக்கும் வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். ஒரே பொருளைத் தினமும் பலர் கேட்டால் அது ஆறாவது வகை. இன்னொன்று: டீ மாஸ்டர் வைப்பதானாலும் எடையும் நிமிடமும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அவர் லீவு போட்ட அன்று கடை ருசி மாறக் கூடாது.

இந்த வாரம் தண்ணீர்ச் சோதனையும் 2 லிட்டர் அளவும். தொடர்ந்து 3 நாள் நீங்களும் தம்பியும் மாற்றி மாற்றிப் போட்டு, யார் போட்டது என்று குடிப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் அளவு நிலைத்துவிட்டது. அடுத்தது உரிமம், மின்சாரம், வடிகால். அவை முடிந்தபின் ஒரு வாரம் விளம்பரமில்லாமல் காலையில் 3 மணி நேரம் மட்டும் கடையைத் திறந்து காசு வாங்கியே விற்றுப் பாருங்கள். எத்தனை கிளாஸ் உடைந்தது, எவ்வளவு பால் மிஞ்சியது, எந்தப் பத்து நிமிடத்தில் தடுமாறினீர்கள் என்று தினமும் எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்கு இப்போதைக்கு "மின் இணைப்பு வந்ததும் சொல்கிறோம்" என்ற ஒரே பதில் போதும். பெயர்ப்பலகைக்கும் அந்த வாரம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.